வன்னியின் நீரும் வன்னியின் நோயும்

(கிளிநொச்சியில் கமக்காரரும் ஆசிரியரும் மருத்துவத் துறையினரும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



மண்வெட்டி பிடித்துக் காய்த்த கைகளையும் மருந்துச் சீட்டு எழுதிப் பழகிய கைகளையும் ஒரே பந்தலின்கீழ்க் காண்கிறேன். வன்னியிலே இது அடிக்கடி நிகழும் காட்சியன்று. கமக்காரர் கூட்டம் என்றால் நீர்ப்பாசனப் பொறியியலாளர் வருவார், வைத்தியர் வரமாட்டார். சுகாதாரக் கூட்டம் என்றால் வைத்தியர் வருவார். கமக்காரன் வயலில் நிற்பான். குளம் ஒரு திணைக்களத்துக்குச் சொந்தம், காய்ச்சல் இன்னொரு திணைக்களத்துக்குச் சொந்தம் என்று நாம் பங்கு பிரித்து வைத்திருக்கிறோம். நீரும் நோயும் அந்தப் பங்குப் பத்திரத்தைப் படித்ததில்லை. இந்தப் பிரிவினையால் நம் மண் பட்ட கேட்டையும், இன்றும் படுகின்ற கேட்டையும் எடுத்துச் சொல்லவே இம்மேடைக்கு வந்தேன்.

பழங்கதையிலிருந்து தொடங்குகிறேன், பொறுத்தருள்க. 1895-ஆம் ஆண்டில் ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரி, வவுனியா, முல்லைத்தீவு ஆகிய வன்னி மாவட்டங்களைப் பற்றி ஒரு கைந்நூல் வெளியிட்டார். உடைந்து கிடந்த குளங்களும், ஆளொழிந்த ஊர்களும், காய்ச்சலால் மெலிந்த குடிகளும் அந்நூலிலே காணக் கிடக்கின்றன. பண்டாரவன்னியன் வாளேந்திய மண், நூறாண்டு செல்லுமுன் மண்வெட்டி தூக்கவும் வலுவற்ற குடிகளின் மண்ணாகிவிட்டது! குளம் உடைந்ததால் குடி போயிற்றா, குடி போனதால் குளம் உடைந்ததா என்று கேட்பீர்கள். இரண்டும் ஒன்றையொன்று துரத்தின என்பதே விடை. கட்டு உடைந்த குளத்திலே நீர் நிற்காது, பள்ளங்களிலே தேங்கும். மலேரியாவைப் பரப்பும் நுளம்பு ஓடும் ஆற்றிலே பெருகுவதில்லை. ஆறு வற்றும்போது மணலிலே எஞ்சும் தெளிந்த குட்டைகளில், வெயில் படும் இடத்தில், முட்டையிட்டுப் பெருகும். காய்ச்சலிலே கிடந்தவன் கட்டுக்கு மண் போட வரமாட்டான். அடுத்த மாரியில் உடைப்பு இன்னும் அகலும். அடுத்த கோடையில் குட்டைகள் இன்னும் பெருகும். வன்னிக்குப் பெண் கொடுக்க யாழ்ப்பாணத்தில் பெற்றோர் தயங்கிய காலத்தைப் பற்றி நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தத் தயக்கத்திற்கு அடியிலே இருந்தது இந்தச் சுழற்சிதான்.

1934, 35-ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்து ஆறுகள் வற்றியபோது, ஈரவலயத்து மக்களையே மலேரியா வாரிக்கொண்டு போயிற்று. ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். அங்கே அது கொள்ளைநோய், நாடே அலறியது. வன்னியிலோ அது ஆண்டுதோறும் வரும் விருந்தாளி, அலறுவார் யாருமில்லை. அதே காலத்தில்தான் கிளிநொச்சியிலே குடியேற்றம் தொடங்கிற்று. இரணைமடுவின் நீரை நம்பிக் காடு வெட்ட வந்தவர்கள், கொயினா வில்லையையும் மடியிலே கட்டிக்கொண்டு வந்தார்கள்.

பின்னர் டீ.டீ.ரீ. வந்தது, நோய் பின்வாங்கியது. 1963-இல் இலங்கை முழுவதிலும் கண்டறியப்பட்ட மலேரியா நோயாளர் வெறும் 17 பேர்! வெற்றி முரசு கொட்டினார்கள். முரசின் ஒலி அடங்குமுன்னே தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1968, 69-ஆம் ஆண்டுகளில் நோயாளர் தொகை இலட்சங்களில் எண்ணப்பட்டது. போர்க்காலத்தில் இந்நோயின் பெரும்பங்கை வடக்குங் கிழக்குமே சுமந்தன. எனினும் அந்தக் கொடிய காலத்திலும் இரத்தப் பூச்சு எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்த ஊழியர்களும், மருந்து தெளித்த தொழிலாளர்களும் வேலையை நிறுத்தவில்லை. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 அக்டோபரில் காணப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா ஒழிந்த நாடென அறிவித்தது. அந்த ஊழியர்களுக்கு எந்த ஊரிலும் சிலை இல்லை. இருந்திருக்க வேண்டும்.

இந்த வரலாற்றை ஏன் விரித்தேன்? அதே 2016-இன் டிசெம்பரிலே, நமக்கு அயலான மன்னாரில், இலங்கை முன்பு கண்டிராத வேறோர் இன மலேரியா நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவின் நகரங்களிலே மலேரியாவைப் பரப்பும் இனம் அது. ஆற்றுக் குட்டையை அது தேடுவதில்லை. கிணற்றிலும், சீமெந்துத் தொட்டியிலும், நீர்ப் பீப்பாயிலும் பெருகும். யாழ்ப்பாணத்துக்கும் அது வந்துவிட்டது. நோய்க்கிருமி நாட்டில் இல்லாதிருக்கலாம். பிறநாடு சென்று திரும்பும் ஒருவர் உடலிலே அது வரலாம். 1963-இன் முரசை மறவாதிருங்கள்.

இனி நிகழ்காலத்துக்கு வருவோம். மலேரியா ஓசையுடன் வரும் நோய். நடுக்கம் கண்டாலே வீட்டார் அறிவர். இன்று வன்னியின் தென்பாகத்தை, சிறப்பாக வவுனியா மாவட்டத்துக் கமக்காரரை, அரிக்கின்ற சிறுநீரக நோய் ஓசையின்றி வருகிறது. 1990-ஆம் ஆண்டுகளில் நம் எல்லைக்கு அப்பாலுள்ள பதவியா, மதவாச்சிப் பகுதிகளில் முதலில் கவனிக்கப்பட்ட நோய் இது. நீரிழிவு இல்லை, உயர் இரத்த அழுத்தம் இல்லை. நாற்பது ஐம்பது வயதில் வயலிலே நின்றவன் ஒருநாள் சோர்ந்து விழுகிறான். இரத்தம் சோதித்தால் சிறுநீரகத்தின் பெரும்பகுதி செத்துக் கிடக்கிறது. அதன்பின் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு. நோயாளிக்கு ஒரு நாள், துணைக்குப் போகும் மனைவிக்கு ஒரு நாள், பேருந்துக்குக் காசு. இப்படியே வயல் போகிறது, மாடு போகிறது, பிள்ளையின் படிப்பும் போகிறது.

காரணம் என்ன? உலக சுகாதார நிறுவனமும் நாட்டின் சுகாதார அமைச்சும் சேர்ந்து நடத்திய ஆய்வு உட்பட ஆய்வுகள் பல நடந்தன. நிலத்தடி நீரின் வன்மையும் புளோரைட்டும் என்பர் ஒரு சாரார். களைநாசினியும் உரத்திலுள்ள உலோகங்களும் என்பர் வேறு சிலர். கொளுத்தும் வெயிலிலே போதிய நீர் குடியாது உழைப்பதே என்பர் இன்னுஞ் சிலர். காரணம் இது ஒன்றே என அறுதியிட்டுரைக்க அறிஞர் துணியவில்லை. பல சேர்ந்து தாக்குகின்றன என்ற கருத்தே வலுப்பெறுகிறது. இதே போன்ற நோய் கடல்கடந்து மத்திய அமெரிக்காவிலே, எல் சல்வடோர், நிக்கராகுவா நாடுகளின் கரும்புத் தோட்டங்களிலும் காணப்படுகிறது. ஆந்திரத்தின் சிறீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியிலும் காணப்படுகிறது. அங்கெல்லாம் நோய்ப்படுபவர் யார்? வெயிலிலே உடலுழைப்பவர். அலுவலக நாற்காலிக்கு இந்நோய் வருவதில்லை.

மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களிலே ஒரு முயற்சி செய்தார்கள். வெட்டுவோருக்கு நிழற் பந்தல், குடிநீர், குறித்த நேரத்தில் ஓய்வு, இவ்வளவுதான். சிறுநீரகம் பழுதடைவது குறைந்ததாகக் கண்டார்கள். பெரிய இயந்திரமா வேண்டும் இதற்கு? நம் வயல்களிலே களையெடுக்கும் பெண்கள் காலை தொடங்கி நடுப்பகல்வரை குனிந்து நிற்கிறார்கள். ஒதுங்க மறைவிடம் இல்லாத காரணத்தால் அவர்கள் நீர் குடிப்பதையே தவிர்ப்பதை, வயலுக்குப் போன எந்த மருத்துவ மாதும் சொல்வார். இந்த அவையில் ஆண்கள் சிலர் தலை குனிவதைக் காண்கிறேன், குனியத்தான் வேண்டும். வயலோரத்தில் ஒரு கிடுகு மறைப்புக் கட்டுவதற்கு வெளிநாட்டு நிதி தேவையில்லை.

நோயின் காரணம் தெளியுமுன் அரசுகள் செய்தவற்றையும் சொல்லாமல் விடலாகாது. 2015-இல் கிளைபோசேற்றுக் களைநாசினியைத் தடைசெய்தார்கள். 2018-இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தினார்கள். 2022-இல் தடையையே நீக்கினார்கள். ஆய்வினால் தடுத்தார்களா, ஆய்வினால் நீக்கினார்களா? 2021-இல் செயற்கை உர இறக்குமதியை ஏறத்தாழ ஒரே இரவில் நிறுத்தி, நவம்பரில் பின்வாங்கியபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது. நாடெங்கும் விளைச்சல் சரிந்தது. இயற்கை உரம் வேண்டாதவன் அல்லேன் நான். எருவும் குழையும் தாழ்த்து வளர்ந்த மண் இது. ஆனால் மாட்டுப்பட்டியைப் பெருக்காமல், குழைக் காட்டை வளர்க்காமல், வர்த்தமானியில் ஒரு தாளை அச்சிட்டால் எரு விளையுமா?

அன்பர்களே, கோடை ஒருபுறம் சிறுநீரகத்தை வாட்டுகிறது. மாரி மறுபுறம் கட்டை உடைக்கிறது. 2018 டிசெம்பர் 21-ஆம் நாளிரவை இங்கே மறந்தவர் எவருமிலர். புனரமைப்பு முடிந்து, நீர் கொள்ளும் உயரம் கூட்டப்பட்டு, திறப்பு விழா நடந்து இரு கிழமைதான் கழிந்திருந்தது. கனகராயன் ஆற்றின் வெள்ளம் இரணைமடுவிலே வந்து குவிந்தது. வான்கதவுகள் திறக்கப்பட்டன, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நீரில் எழுந்தன. கதவுகள் உரிய வேளையிலே திறக்கப்பட்டனவா என்ற கேள்வி எழுந்தது, விசாரணையும் நடந்தது. அதன்பின் 2020-இல் புரெவி, 2024 நவம்பர் பெருமழை, 2025 நவம்பர் இறுதியில் டித்வா. டித்வா ஒன்றே இலங்கையில் 600-க்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இத்துணைப் பேரழிவை இந்நாடு கண்டதில்லை. கடல் சூடேறச் சூடேற மேகம் சுமக்கும் நீரும் மிகும் என்று வானிலை அறிஞர் கூறுகின்றனர். முன்னர் மாதம் முழுதும் பெய்த மழை இப்போது சில நாளில் கொட்டுகிறது; நம் குளங்களோ மாதம் முழுதும் பெய்யும் மழைக்கென்று கட்டப்பட்டவை.

வெள்ளம் வடிந்தபின் வருவது எலிக்காய்ச்சல். 2024 டிசெம்பரிலே யாழ்ப்பாணத்தில், பருத்தித்துறை, கரவெட்டிப் பகுதிகளில், இனந்தெரியாக் காய்ச்சல் என்று முதலில் அஞ்சப்பட்டு, பின்னர் எலிக்காய்ச்சல் என்று உறுதியான நோய் உயிர்களைப் பலிகொண்டது. எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலே, காலில் புண்ணோடு இறங்குபவனைப் பற்றுவது அது. உழவுக்கு முன்னர் சுகாதாரப் பணிமனையிலே விலையின்றித் தரப்படும் டொக்சிசைக்கிளின் மருந்தை வாரம் ஒருமுறை உட்கொண்டால் பெரும்பாலும் தப்பலாம். மருந்து இருக்கிறது, உழவும் நடக்கிறது, இரண்டும் சந்திப்பதில்லை. வாய்க்காலில் நீர் திறக்கும் நாள் பொறியியலாளருக்குத் தெரியும். அந்நாளைச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் எழுதி வைக்கப்படவில்லை.

நம் முன்னோர் இப்படிப் பிரித்துப் பார்த்ததில்லை. வைகாசி விசாகத்தையொட்டி வற்றாப்பளைக்கு நடந்து போகாத வன்னியர் இங்கே யார்? சிலாவத்தைக் கடலிலே தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் வைத்து, அவ்வுப்பு நீரிலே விளக்கெரித்துப் பின் அம்மன் சந்நிதிக்குக் கொண்டு செல்கிறார்கள். மதுரையை எரித்த சினத்தோடு வந்தவளை இம்மண் குளிர்வித்தது என்பது நம்பிக்கை. மழைக்கும் அவளையே கேட்டார்கள். அம்மை, கொப்புளிப்பான் முதலிய வெப்பு நோய் தணியவும் அவளையே கேட்டார்கள். நீருக்கு ஒரு தெய்வம், நோய்க்கு ஒரு தெய்வம் என்று வேறு வேறு சாளரத்திலே விண்ணப்பம் கொடுக்கவில்லை! முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்து அக்கதையை விடியவிடிய ஆடிற்று. அருவி வெட்டும்போதும் சூடடிக்கும்போதும் பாட்டிருந்தது. யானை கட்டிய அரியாத்தையின் கதையை இன்றும் நம் கிழவியர் அறிவர். அண்ணாவிமார் சிலர் இன்னும் இருக்கிறார்கள், மேடைதான் இல்லை. சிறுநீரகச் சோதனைக்கு வாருங்கள் என்று அச்சிட்ட துண்டுப் பிரசுரம் கமநல நிலையத்துச் சுவரிலே மஞ்சளித்துத் தொங்குகிறது. அதே செய்தியைக் காத்தவராயன் கூத்தின் இடையிலே ஒரு கட்டியகாரன் நகைச்சுவையாகச் சொன்னால், விடியுமுன் ஊர் முழுதும் அறியும். கலாசாரத்துக்கென ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்குக் கொடுத்தால் கலையும் பிழைக்கும், ஆளும் பிழைப்பான்.

குளங்களுக்குத் திரும்புகிறேன். வன்னியின் குளங்கள் தனித்தனிக் குளங்கள் அல்ல. மேற்குளத்தின் மிகைநீர் கீழ்க்குளத்தில் இறங்கும் தொடர்கள். வறண்ட வலயத்தின் இத்தொடர்குள முறையை 2017-இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் உலக வேளாண் மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. மேலே நின்ற சிறு குளங்கள் வண்டலைத் தடுத்தன. வெள்ளத்தின் வேகத்தைத் தணித்தன. ஊர்க் கிணறுகளில் நீர்மட்டத்தைத் தாங்கின. குளக்கட்டின் கீழ்ப்புறத்து மரச்செறிவு கசிநீரின் உவரைத் தடுத்தது என்பர். இன்று பெருங்குளங்களுக்குப் பணம் வருகிறது. திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருகிறார். 200 ஏக்கருக்குக் குறைவாகப் பாய்ச்சும் சிறுகுளமோ கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. அதற்குக் கிடைப்பது மிச்சம் மீதி. போரிலே ஊர் பெயர்ந்தபோது தூர்ந்து காடேறிய குளங்கள் பல, இன்று வனத்தின் எல்லைக்கல்லுக்குள் அகப்பட்டுக் கிடக்கின்றன. பாட்டன் மண் போட்ட கட்டிலே பேரன் மண்வெட்டியை வைத்தால் வழக்கு! காடு காக்கப்பட வேண்டும். அதிலே எனக்கு ஐயமில்லை. ஆனால் அக்காட்டின் யானைக்கும் மானுக்கும் கோடையிலே நீர் கொடுத்ததும் அந்தக் குளந்தானே? அங்கே நீர் வற்றியபின் யானை எங்கே வருகிறது என்பதை ஒட்டுசுட்டானிலும் மாங்குளத்திலும் கேளுங்கள்.

இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோவது பற்றி எழுந்த பூசலையும் குறிப்பிட்டாக வேண்டும். யாழ்ப்பாணத்தான் தாகத்தால் வாடட்டும் என்று சொன்ன கமக்காரன் ஒருவனையும் நான் அறியேன். சிறுபோகத்தில் தன் வயலின் ஒரு பங்குக்கே நீர் பெறுபவன், உனக்கு மிஞ்சியதைத்தான் எடுப்போம் என்ற வாக்கை நம்ப மறுத்தான், அவ்வளவே. வாக்கை எழுத்திலே தாருங்கள் என்றான். இறுதியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தாளையடியில் எழுந்து, 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரும் ஆற்றல் அதற்கு உண்டு. நல்லதே. ஆயினும் வடமாகாணத்தார் இரு சாராரும் ஒரு மேசையில் அமர்ந்து கணக்குப் பார்த்துத் தீர்க்க வேண்டியதை, உலக வங்கிகளும் ஒப்பந்தக்காரரும் தீர்த்துவைக்கும்படி விட்டுவிட்டோமே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

இவற்றுக்கெல்லாம் கீழே, எல்லாருடைய காலடியிலும் கிடக்கிற ஒரு கூட்டத்தைச் சொல்லாமல் போனால் இந்த உரை பொய்யுரை. 1958-இலும் 1977-இலும் 1983-இலும் நடந்த வன்செயல்களிலே மலையகத்தினின்று விரட்டப்பட்டு நம்மிடம் தஞ்சம் புகுந்த தமிழர், காடு வெட்டினார்கள், வரம்பு கட்டினார்கள், நம் நெல்லை அரிந்தார்கள். மூன்றாந் தலைமுறை பிறந்துவிட்டது. இன்றும் அவர்களிற் பலருக்குக் காணி உறுதியும் இல்லை, அனுமதிப்பத்திரமும் இல்லை. பத்திரம் இல்லாதவனுக்கு வங்கி கடன் கொடாது. பயிர் அழிந்தால் இழப்பீட்டுப் பட்டியலில் பேர் ஏறாது. மருந்து தெளிக்கக் கூலிக்குப் போகிறவனும் அவனே. கையுறையும் முகமூடியும் இன்றித் தெளிப்பவனும் அவனே. குளத்தின் கீழே தாழ்ந்த நிலத்தில் குடிசை கட்டி, வெள்ளத்திலே முதலில் எழுபவனும் அவனே. சிங்களப் பேரினவாதம் நம் காணியைப் பறிக்கிறது என்று நாம் முழங்குகிறோம். முழங்க நியாயம் உண்டு. நம் வேலிக்குள்ளே நிற்பவனுக்கு அரைக் காணிக்குப் பத்திரம் கொடுக்கும்படி எத்தனை முறை முழங்கினோம்?

ஆகவே நான் கேட்பது பெரியதொன்றன்று. பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன்னர் ஒவ்வொரு குளத்துக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கிறது. நீர் திறக்கும் நாளும், விதைப்பு நாளும், கால்நடை கட்டும் நாளும் அங்கே தீர்மானிக்கப்பட்டுச் சட்டமாகின்றன. அந்த மேசையிலே பிரதேச சுகாதார வைத்திய அதிகாரிக்கு ஒரு நாற்காலி வேண்டும். நீர் திறக்கும் நாளுக்கு முதற்கிழமை எலிக்காய்ச்சல் மருந்து வயலுக்கு வர வேண்டும். கோடை மாதங்களில் களையெடுப்பும் அறுவடையும் எந்நேரத்தில் நிறுத்தப்படும், வயலிலே குடிநீரை யார் வைப்பது என்பவை அங்கேயே எழுதப்பட வேண்டும். வான்கதவு திறக்குமுன் கீழுள்ள குடிசைகளுக்கு யார் எந்த நேரத்தில் அறிவிப்பது என்பதும் பெயரோடு குறிக்கப்பட வேண்டும். காணிப் பத்திரம் இல்லாத கூலியாளின் பிரதிநிதி ஒருவரும் அங்கே இருக்க வேண்டும். வாக்கு இல்லாவிட்டாலும் வாயாவது இருக்கட்டும்.

தீர்மானத்தின் வாசகத்தை எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். திருத்துவதற்கு உரியன இருப்பின் இன்றே சொல்லுங்கள். கமக்கார அமைப்புகளின் தலைவர்கள் கையொப்பமிட்ட பின்னர், மூன்று மாவட்ட அரசாங்க அதிபர்களிடமும், மாகாண சுகாதார, நீர்ப்பாசனத் திணைக்களங்களிடமும், வரும் பெரும்போகக் கூட்டங்களுக்கு முன்னதாகவே அது கையளிக்கப்படும். வவுனியாவிலிருந்து வந்திருக்கும் அன்பர்கள், பேருந்து போகுமுன் முதலில் ஒப்பமிட்டுச் செல்லலாம்.